பேஜாரு என்று சொன்னேன்

முதலில் நின்றது என் கை. ஓசூரில் வண்டிகளுக்கான ஒயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கைப் பார்த்துச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். பெல்ட்டில் வருகிற கட்டுகளில் ஒயரின் நிறம் மாறியிருந்தாலோ, முனை சரியாக உட்காராமல் இருந்தாலோ எடுத்துச் சிவப்புத் தட்டில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அன்று மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. தப்பு என்றும் தெரிந்தது. கை மட்டும் எழவில்லை. அந்தக் கட்டு என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நோய் இப்படித் தொடங்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மனநோய் என்றால் ஓயாமல் அழுவார்கள், தலைவிரி கோலமாக உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அழுகையே வரவில்லை. சோறு வாயில் மண்ணாக இருந்தது. தூக்கம் விடிவதற்கு முன்பே முடிந்துபோனது. குளிக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே பாதிக் காலை கழிந்தது. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படி இருந்தால், சோம்பேறித்தனம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் நம்பிக் கொஞ்ச காலத்தை வீணாக்கினேன்.

என் பெயர் மஞ்சுளா. பிறந்தது கர்நாடக எல்லையை ஒட்டிய தளிப் பக்கம். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். கணவர் முருகேசனுக்குக் கிருஷ்ணகிரி தாண்டி மத்தூர், அவர் வீட்டில் தமிழ். அவரும் ஓசூரில் வேறொரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. சிப்காட் பக்கம் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எங்களுக்கு ஒரே மகள், தன்யா. அப்போது எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள். இந்தக் கட்டுரை என்னைப் பற்றியது என்றாலும், நான் எதற்காக வைத்தியம் பார்த்துக்கொண்டேன் என்று கேட்டால் அவளுக்காகத்தான். அவளை நானே வளர்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அக்கம்பக்கத்து டாக்டர் முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார் (கழுத்தில் உள்ள சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும் உடம்பு இப்படி அசந்துபோகும்). தைராய்டில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் ஏமாற்றம். ஏதாவது இருந்திருந்தால் மாத்திரை போட்டுச் சரி செய்துவிடலாமே. மாமியார் மத்தூரிலிருந்து மந்திரித்த கயிறு கொண்டுவந்து கட்டினார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெம்பில்லை, கையை நீட்டினேன்.

அந்த நாட்களில்தான் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒரு மதியம் பள்ளி வேன் வந்து தன்யாவை இறக்கிவிட்டுப் போனது. ஹாரன் சத்தம் எனக்குக் கேட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தது, எழவில்லை. குழந்தை வெயிலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்துக் கூட்டிவந்து விட்டார்.

இரண்டாவது, நான் சொன்ன ஒரு வார்த்தை. அந்த வாரக் கடைசியில் மாமியார் வந்திருந்தார். ஏம்மா இப்படி இருக்கிறாய், தங்க விக்கிரகம் மாதிரி குழந்தை இருக்கிறதே, அதன் முகத்தைப் பார்த்தாவது எழுந்து நடமாடக் கூடாதா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் சொன்னேன்: "பாப்பாவப் பாத்தாதான் ரொம்ப பேஜாரா இருக்கு அத்தை."

மாமியார் சட்டென்று எழுந்தார். அடுப்படிக்குப் போய் மகனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"பெத்த புள்ளய பேஜாருன்றாடா. அவ வாயாலயே சொல்லிட்டா. இனிமே எப்பிடி இங்க உட்டு வெக்கிறது?"

மறுநாள் தன்யாவை மத்தூருக்குக் கூட்டிப் போனார்கள். எனக்கு உடம்பு தேறும் வரைக்கும் என்று பேச்சு. பையில் அவள் துணிகளை மடித்து வைத்தது நான்தான். அப்போதும் அழுகை வரவில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு மனநல மருத்துவரிடம் முருகேசன் அழைத்துப் போனார். அவர் அதிகம் பேசவில்லை. தூக்கம், பசி, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்டார். தோன்றவில்லை, இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை என்றேன். மனச்சோர்வு நோய் என்றார் (துக்கம் வேறு, இது வேறு, துக்கத்துக்குக் காரணம் இருக்கும், இதற்கு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை). மாத்திரை எழுதிக்கொடுத்தார். வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். கூடவே சைக்கோதெரபி (பேச்சின் வழியாகச் செய்யும் மனநல சிகிச்சை) எடுத்துக்கொண்டால் நல்லது, ஓசூரிலேயே கவுன்சிலிங் கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்றார்.

கவுன்சிலிங் என்றதும் முருகேசனைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் அந்த வார்த்தைக்கு ஒரே பொருள். லீவு அதிகமாகப் போட்டாலோ லைனில் தப்பு விட்டாலோ எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, இனி இப்படி நடக்காது என்று நம்மையே சொல்ல வைப்பார்கள். அதற்குப் பெயர் கவுன்சிலிங். "அவளுக்கு கவுன்சிலிங் குடுத்துட்டாங்களாம்" என்றால் அடுத்து வேலை போகப் போகிறது என்று அர்த்தம்.

ஆகவே முதல் அமர்வில் நான் செய்த காரியத்தை இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, எதிரில் இருந்த பெண்மணி வாயைத் திறப்பதற்கு முன்பே, "இனிமே இப்படி நடக்காது மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் பெயர் ரெஜினா. என்னைவிட வயதில் சின்னவராக இருப்பார்; திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எது நடக்காது என்று கேட்டார். அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

எதை எதிர்பார்த்துப் போவது என்று கேட்பவர்களுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். புத்தி சொல்ல மாட்டார்கள். கணவருக்கோ மாமியாருக்கோ போன் போட்டு உங்களுக்காக வாதாட மாட்டார்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருப்பார். அந்த நேரம் நீளமாக இருக்கும், சுவரில் மின்விசிறி ஸ்விட்சின் மேல் படிந்த அழுக்கையெல்லாம் பார்ப்பீர்கள். மேசையில் டிஷ்யூ பெட்டி ஒன்று இருக்கும். அழுகை வராதவர்களுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே குற்றம் செய்த மாதிரி இருக்கும். சில நாள் வெளியே வரும்போது உள்ளே போனதைவிட மோசமாக இருக்கும். நான் அதை யாரிடமும் சொல்லாமல், எனக்கு இந்த வைத்தியம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டி இரண்டு வாரம் போகவில்லை. அப்படிச் செய்யாதீர்கள். போய் அவரிடமே சொல்லுங்கள்.

வீட்டு வேலையும் கொடுப்பார்கள். மனம் வந்த பிறகு செய்வது என்று காத்திருக்காமல், சின்னதாக ஒன்றை முதலில் செய், மனம் பின்னால் வரும் என்பது கணக்கு (இதைச் செயல் தூண்டுதல் என்கிறார்கள்). எனக்குக் கொடுத்தது வாசல் வரை நடப்பது. அதன்பிறகு கடை வரை. அதன்பிறகு பக்கத்து வீட்டுக்காரம்மாவோடு நின்று பேசுவது. கேட்க அற்பமாக இருக்கும். கம்பெனியில் ஓவர்டைம் பார்த்த உடம்பு அது, வாசலுக்குப் போய் வந்து மூச்சு வாங்கியது.

மாத்திரை ஒரு பக்கம், நடை ஒரு பக்கம் என்று கொஞ்சம் தேறினேன். தூக்கம் வந்தது. லைனுக்குத் திரும்பினேன், கை எழுந்தது. ஆனால் தன்யாவைப் பற்றிப் பேச்செடுக்கும்போது மட்டும் சிகிச்சை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்றது. அவளைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று மேடம் கேட்பார். பேஜாரா இருக்கும் என்பேன். அவள் என்ன செய்யும்போது அப்படி இருக்கும், அடம் பிடிக்கும்போதா, சத்தம் போடும்போதா என்று கேட்பார். இல்லை, சும்மா தூங்கும்போது கூட என்பேன். எரிச்சல் வருகிற நேரத்தில் மூச்சை எப்படி இழுத்து விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நானும் இழுத்து விட்டேன். மேடம் படித்தவர், சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் போனை அணைக்க மறந்து உள்ளே போய்விட்டேன். தளியிலிருந்து என் அம்மா கூப்பிட்டார். எடுக்காமல் விட்டால் விழுந்தடித்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுவார், அதனால் மேடத்திடம் கேட்டுக்கொண்டு எடுத்தேன். அம்மா அழுதார். பேத்தியைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று அழுதார். நான் கன்னடத்தில், "பேஜாரு மாட்கோபேடம்மா, பேஜாரு மாட்கோபேட" என்று சொல்லிச் சமாதானப்படுத்தி வைத்தேன்.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பம் அம்மாட்ட என்ன சொன்னீங்க?"

"பேஜார் பண்ணிக்காதேன்னு சொன்னேன் மேடம்."

"தொந்தரவு பண்ணாதேன்னா?"

"அய்யோ இல்ல மேடம். மனசு கஷ்டப்படாதேன்னு."

மேடம் பேனாவை மேசையில் வைத்தார். கன்னடத்தில் பேஜாரு என்றால் மன வருத்தம். உள்ளே ஒன்றுமே பிடிக்காமல் கனத்துப் போயிருக்கும் அல்லவா, அது. தளிப் பக்கம் நாங்கள் தமிழ் பேசும்போதும் அந்தப் பொருளில்தான் சொல்வோம். மத்தூரிலும் திருநெல்வேலியிலும் பேஜாரு என்றால் தொல்லை, இம்சை. சினிமாவில் அப்படிக் கேட்டுச் சிரித்தவள்தான் நானும். ஆனால் என் வாயிலிருந்து வரும்போது அது என் வீட்டுச் சொல்லாகத்தான் வந்தது. எதிரில் இருப்பவருக்கு வேறாகக் கேட்கும் என்று தோன்றவே இல்லை.

பாப்பாவைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது, இவ்வளவு நல்ல குழந்தைக்கு இப்படி ஒரு அம்மா வாய்த்தாளே என்று இருக்கிறது. நான் மாமியாரிடம் சொன்னது இதைத்தான். அவர் கேட்டது, பாப்பா எனக்கு இம்சை என்று.

அன்றுதான் முதல்முறையாக அழுதேன். டிஷ்யூ பெட்டிக்கு வேலை வந்தது. மேடத்தின் கண்ணும் கலங்கியிருந்தது. இதை வீட்டில் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரிய வைக்கலாம் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது தன்யாவின் துணிகளை எந்த அலமாரியில் அடுக்குவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு நாள் என்னைக் கட்டிப்போட்டிருந்தது ஒரு சொல்தான், அதை அவிழ்த்துவிட்டோம் என்று நினைத்தேன்.

முருகேசன் காலை ஷிப்ட் முடிந்து வந்து யூனிபாரத்தை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அது தெரியும் மஞ்சு. எங்க லைன்ல பாதிப் பேரு கன்னடக்காரங்கதானே."

"தெரிஞ்சும் ஏங்க அத்தைகிட்ட சொல்லல?"

"சொல்லி?" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ எந்த அர்த்தத்துல சொல்லியிருந்தாலும் பாப்பாவ அங்கதான் கொண்டுபோயி உட்டிருப்போம். வெயில்ல கேட்டாண்ட நின்னுக்கினு இருந்துது புள்ள. அம்மா ஒரு காரணம் தேடிக்கினு இருந்தாங்க. நீயே குடுத்துட்ட" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் அலுப்போடு சொன்னார், அதில் பொய் இல்லை. அவர் மேல் எனக்கு அன்று வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த அமர்வில் மேடத்திடம் இதைச் சொன்னேன். அவர் தன் தப்பையும் சேர்த்தே பேசினார். புரியாத சொல்லைப் புரிந்ததாக எடுத்துக்கொண்டேன், அன்றே கேட்டிருக்க வேண்டும் என்றார். அந்தச் சொல்லைச் சரி செய்தால் பாப்பா வந்துவிடுவாள் என்று நாம் இரண்டு பேருமே நம்பிவிட்டோம் என்றும் சொன்னார். சிகிச்சையில் எனக்கு நடந்ததிலேயே நேர்மையான நேரம் அதுதான். அதனால் எதுவும் மாறவில்லை.

உங்கள் வீட்டு மொழி வேறாக இருந்தால், முதல் நாளே சிகிச்சையாளரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அந்த மொழி தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஓசூர் மாதிரி ஊரில் கேட்டால் கிடைக்காமல் போகாது. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கிருஷ்ணகிரி மருத்துவர் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு நோய் நன்றாகத் தணிந்திருக்கிறது என்றார். மாத்திரையை இன்னும் கொஞ்ச காலம் தொடர வேண்டும், நிறுத்திய பிறகும் கவனமாக இருக்க வேண்டும், சிலருக்கு மீள்வரவு (போன நோய் திரும்ப வருவது) உண்டு என்றார். முருகேசனோடு மாமியாரும் வந்திருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பாவ மத்தூர்லயே ஸ்கூலு சேத்துட்டோம்மா. நல்லா படிக்குது. உன்ன குத்தம் சொல்லல. ஆனா திரும்பவும் வருமாமே?"

வராது என்று சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை, பொய்ச் சத்தியம் பண்ணியிருப்பேன். அவர் கேட்கத்தான் செய்தார். வந்தாலும் வரும் அத்தை என்றேன். எதிரே ஒரு கிடங்கில் மாம்பழக் கூடைகள் இறக்குகிற வாசனை தெரு முழுக்க வந்துகொண்டிருந்தது. மூவரும் அப்படியே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அவர்கள் மத்தூர் பஸ் ஏறினார்கள், பாப்பாவைப் பார்த்துவிட்டு இரவு வருவதாக முருகேசன் சொன்னார். மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட், நான் ஓசூர் பஸ் ஏறினேன்.

சிகிச்சை முடிந்துவிட்டது. நான் குணமானவள் என்றுதான் சொல்ல வேண்டும். பசிக்கிறது, தூங்குகிறேன், வெள்ளை ஒயர் வந்தால் கை தானாக எடுத்துப் போடுகிறது. நோயில் இருந்தபோது பாப்பா இல்லாத வீடு எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது உறைக்கிறது. அவள் சின்னச் செருப்பு வாசலில் இல்லை என்பது தினமும் காலையில் காலில் தட்டுகிறது. இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள். மேடமும் அப்படித்தான் சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாரம் என்பதும் எனக்கு வேறாகிவிட்டது. ஞாயிறு ஒன்றுதான் நாள். மற்றவை அதற்குப் போகிற வழி. ஞாயிறன்று மத்தூர் போகிறேன், தன்யாவுக்குத் தலை வாரிவிடுகிறேன், சாயங்காலம் திரும்புகிறேன். என்னோடு கன்னடம் பேசுவதை அவள் விட்டுவிட்டாள். கேட்டால் புரிகிறதா என்று தெரியவில்லை. தமிழில், மத்தூர்த் தமிழில், அளவாகப் பதில் சொல்கிறாள். என்னை "நீ" என்று கூப்பிட்டவள் இப்போது "நீங்க" என்கிறாள். மாமியார் மரியாதை சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதில் தப்பில்லை.

போன ஞாயிறு எதிர்வீட்டுப் பெண் வந்திருந்தாள். தன்யா தரையில் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் விளையாட்டாக, "ஏன் பாப்பா, அம்மா வந்தா மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிற?" என்று கேட்டாள்.

தன்யா நிமிரவில்லை. "அம்மாவப் பாத்தா பேஜாரா இருக்கு" என்றாள்.

மாமியார் பதறிப்போனார். அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, அம்மா பாவம் என்று அதட்டிவிட்டு, என்னைப் பார்க்க முடியாமல் உள்ளே போனார். எதிர்வீட்டுப் பெண்ணும் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

நான் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். தளியிலிருந்து என் அம்மா கொடுத்து, நான் கொடுத்து, அவளிடம் போன சொல்லா அது? இல்லை, மத்தூரில் கற்றுக்கொண்ட சொல்லா? என்னைப் பார்த்தால் அவளுக்கு நெஞ்சு கனக்கிறதா, நான் இம்சையாக இருக்கிறேனா? ஊகிக்காதீர்கள், கேளுங்கள் என்று மேடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

என் கை எழுந்தது. இத்தனை மருந்தும் பேச்சும் அதற்காகத்தான். அவள் தலையில் வைத்தேன். அவள் தலையை நகர்த்திக்கொள்ளவில்லை, சாய்த்துக்கொள்ளவும் இல்லை. பொம்மையின் இன்னொரு கையைச் சட்டைக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உள்ளங்கையில் அவள் தலை எண்ணெய் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. கம்பியைப் பிடிக்காமல் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, ஓசூர் வரை அப்படியே வந்தேன்.